பதினோராம் வரியில் மௌனம்

நவம்பர் 11, செவ்வாய்.

இன்று ஒரு சிறு பிழை செய்தேன். சந்திப்பு அறிக்கையின் பதினோராம் வரியில் 'மௌனம், இரண்டு நிமிடம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த இடத்தில் மௌனம் இல்லை. நான் ஜெபம் செய்தேன். அதுவும் இரண்டு நிமிடம் இருக்காது, ஒன்றரைதான். மற்ற வரிகள் எல்லாம் சரி. (ஒன்பதாம் வரியில் 'ம்' என்றேனா, 'ம்ம்' என்றேனா? சந்தேகம்.)

இவ்வளவையும் எழுதி பேனாவை மூடிய ஜோதி, மறுபடி திறந்தாள். 'சிறு' என்ற சொல்லின் கீழே ஒரு கோடு இழுத்து, ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள். அவள் நாட்குறிப்பில் பக்கத்துக்கு நாலு கேள்விக்குறியாவது இருக்கும்.

ஜோதிக்கு இருபத்தேழு வயது. இறையியல் நாலு வருஷம் படித்து, வடக்குப்பட்டுச் சபைக்கு உதவி ஆயராக வந்து பதினாலு மாதம் ஆகிறது. சபையார் அவளைப் 'பாஸ்டரம்மா' என்று கூப்பிடுகிறார்கள். பாஸ்டரின் மனைவியை அப்படித்தான் கூப்பிட்டுப் பழக்கம். கதவைத் திறந்ததும், "வாங்க பாஸ்டரம்மா, பாஸ்டர் வண்டி நிறுத்துறாரா?" என்று அவள் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள். பாஸ்டர் நான்தான் என்று முதல் ஆறு மாதம் சொல்லிப் பார்த்தாள். பிறகு, வண்டி நிறுத்த இடம் கிடைக்கவில்லை என்று சொல்லப் பழகிக்கொண்டாள்.

சபைத் தலைமை போன வருஷம் ஒரு சுற்றறிக்கை விட்டது. எல்லா ஆயர்களும் ஆண்டுக்கு நாற்பது மணி நேரம் தொடர்கல்வி பெற்றாக வேண்டும். மந்தைக்கு மனம் நொந்துகிடக்கிறது, மேய்ப்பர்களுக்குக் கேட்கத் தெரியவில்லை என்று தலைமைக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதைத் தலைமை கேட்டுவிட்டது என்பதே ஓர் அதிசயம். உடனே ஒரகடத்தில் ஒரு சபை மண்டபத்தைப் பிடித்து, செவ்வாயும் வியாழனும் மாலை ஆறிலிருந்து எட்டரை வரை வகுப்பு வைத்தார்கள். வாசலில், 'மேய்ப்புப் பராமரிப்பும் ஆவிக்குரிய நலமும்' என்று பேனர் கட்டினார்கள். பக்கத்தில் செல்போன் கடையும் பிரியாணிக் கடையும் அதைவிடப் பெரிய பேனர் கட்டியிருந்ததால், முதல் நாள் இரண்டு ஆயர்கள் பிரியாணிக் கடைக்குள் போய்விட்டார்கள். அவர்கள் திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆனது.

வருகைப் பதிவுக்குக் கட்டைவிரல் இயந்திரம். சபைச் செயலாளர் ஒரு தொழிற்சாலைக்கு ஆள் அனுப்பும் ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்க்கிறார், அவர் கொண்டுவந்தது. உள்ளே வரும்போது ஒரு விரல், வெளியே போகும்போது ஒரு விரல். நடுவில் மனிதன் இருந்தானா என்று அந்த இயந்திரம் கேட்காது. ஜோதியின் மூத்த ஆயர் ரத்தினத்துக்கு அதில் பிடித்ததே அதுதான். ஓய்வுக்கு இன்னும் மூன்று வருஷம் இருக்கிற அவர், ஆறு மணிக்கு விரல் வைத்துவிட்டு, கடைசி வரிசையில் கைகளைக் கட்டி, தியானம் என்று சொல்லத்தக்க முறையில் தூங்குவார்.

பயிற்றுநர் முனைவர் டில்லிபாபு. 'கேட்டலின் ஆழங்கள்' என்ற தலைப்பில் பட்டம் வாங்கியவர். முதல் ஐந்து வகுப்புகளில் கேட்பதைப் பற்றி மொத்தம் பன்னிரண்டரை மணி நேரம் பேசினார். அந்தப் பன்னிரண்டரை மணி நேரத்தில் கேள்வி கேட்கக் கை தூக்கியவர்கள் மூன்று பேர். மூவரிடமும், "அதுக்குத்தான் வரேன்" என்றார். இன்னும் வந்துகொண்டிருக்கிறார்.

அவர் கொடுத்த வீட்டுப்பாடம்தான் சந்திப்பு அறிக்கை. ஒருவரைப் போய்ச் சந்தித்துவிட்டு வந்து, பேசியதை வார்த்தைக்கு வார்த்தை மூன்று கட்டத்தில் எழுத வேண்டும். அவர் சொன்னது, நான் சொன்னது, அப்போது என் மனதில் ஓடியது. மூன்றாவது கட்டத்தில் பெரும்பாலான ஆயர்கள் எல்லா வரிக்கும் 'ஸ்தோத்திரம்' என்று எழுதி, கீழே 'மேற்படி' குறி போட்டிருந்தார்கள். ரத்தினத்தின் அறிக்கையை ஜோதிதான் எழுதினாள். அவர் யாரையும் சந்திக்காததால் அது சுலபமாக இருந்தது. தன்னுடையதுதான் கஷ்டம்.

அவள் சந்தித்த பெண் இசக்கிசெல்வி. விளாத்திகுளம் பக்கத்துப் பெண், இருபத்திரண்டு வயது. வண்டிகளுக்கு பிரேக் பாகம் செய்கிற தொழிற்சாலையில் வேலை. அம்மன் பெயர் வைத்துக்கொண்டு, கழுத்தில் கறுப்புக் கயிறோடு, ஐந்து ஞாயிறாகச் சபையின் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்து எழுந்து போகிறவள்.

"அஞ்சு வாரமா வருது இல்ல? பழுத்துடுச்சிம்மா," என்றார் ரத்தினம். "போய் பறிச்சினு வா. வருஷ ரிப்போர்ட்ல ஒரு ஆத்துமா கொறையுது."

சனிக்கிழமை மதியம் ஜோதி, இசக்கிசெல்வி தங்கியிருந்த வடக்குப்பட்டு ஹாஸ்டலுக்குப் போனாள். மூன்று மாடிக் கட்டடம், மாடிக்கு ஆறு அறை, அறைக்கு எட்டுப் பேர். இரவு ஷிப்ட் முடித்தவர்கள் தூங்கிக்கொண்டிருந்ததால் இருவரும் மாடிப்படியில் உட்கார்ந்து மெல்லிய குரலில் பேசினார்கள். முதல் பத்து வரிகளில் மழை, ஹாஸ்டல் சாம்பார், ஊரில் தம்பியின் படிப்பு. பிறகு இசக்கிசெல்வி தன் கட்டைவிரல் நகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"எக்கா, நா ஒரு பெரிய தப்பு பண்ணிட்டேன். ரெண்டு மாசமாச்சு. யார்ட்டயும் சொல்லல."

ரெண்டு மாசம்! ஜோதியின் தலைக்குள் சபைப் பெண்கள் சங்கமே எழுந்து நின்றது. ஹாஸ்டல் பெண், தப்பு, இரண்டு மாசம். சங்கத்தின் கணக்கில் இந்த மூன்றையும் கூட்டினால் ஒரே விடைதான் வரும். ஜோதியின் கண் ஒரு நொடி அந்தப் பெண்ணின் வயிற்றுக்குப் போய்த் திரும்பியது. மேற்கொண்டு அவள் சொல்லிவிட்டால் என்ன செய்வது? யாரிடம் கூட்டிப்போவது? பயத்தில் அவள் வாயிலிருந்து, பதினாலு மாதத்தில் ஆயிரம் தடவை வந்த வாக்கியம் தானாக வந்தது.

"ஜெபம் பண்ணிடலாமா?"

வீட்டுச் சந்திப்பில் அந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று வடக்குப்பட்டில் குழந்தைக்கும் தெரியும். ஆயர் கிளம்புகிறார் என்று அர்த்தம். ஜெபம் ஆரம்பித்ததும் சமையற்கட்டில் காப்பி கலக்க ஆரம்பிப்பார்கள். ஆமென் சொல்லும்போது டம்ளர் வந்துவிடும். குடித்ததும் பையை எடுக்க வேண்டியதுதான். ஆமெனுக்குப் பிறகு யாரும் எந்தத் துக்கத்தையும் திறப்பதில்லை, அது மரியாதை இல்லை.

"இந்த மகள் எந்தக் குழியிலே விழுந்திருந்தாலும் தூக்கிவிடும் ஆண்டவரே" என்று ஒன்றரை நிமிடம் ஜெபித்து ஜோதி கண் திறந்தபோது, இசக்கிசெல்வி எழுந்து நின்றிருந்தாள்.

"செரிக்கா. ஷிப்டு பஸ்ஸு வந்துரும்," என்றாள்.

ஜோதி குனிந்து பார்த்தாள். பை ஏற்கெனவே தன் தோளில் இருந்தது. எப்போது மாட்டினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

இதை அப்படியே எழுதியிருக்கலாம். எழுதத்தான் உட்கார்ந்தாள். பதினோராம் வரிக்கு வந்ததும் கை நின்றது. வகுப்புக் குறிப்பேட்டைப் புரட்டினாள். 'ஒருவர் மனம் திறக்கும்போது மேய்ப்பர் செய்ய வேண்டியது: மௌனம்' என்று தன் கையாலேயே எழுதி, சிவப்பில் கட்டம் கட்டியிருந்தாள். அந்தச் சொல்லையே பதினோராம் வரியிலும் எழுதினாள். நடந்ததை எழுதினால் அறிக்கை அசிங்கமாகுமே என்று பார்த்தாள், வேறொன்றுமில்லை.

வியாழக்கிழமை டில்லிபாபு அறிக்கைகளைத் திருத்திக் கொண்டுவந்தார். மேசைமேல் ஒரே ஒரு தாளைத் தனியாக வைத்தார்.

"சகோதரர்களே, ஒரு நிமிஷம் எல்லாரும் செல்போனைக் கவுத்து வைங்க. பதினோராவது வரியப் படிக்கிறேன்." கண்ணாடியைக் கழற்றினார். "'நா ஒரு பெரிய தப்பு பண்ணிட்டேன். யார்ட்டயும் சொல்லல.' இதுக்கு நம்ம சிஸ்டர் இன்னா சொன்னாங்க? ஒண்ணும் சொல்லல! மௌனம்! ரெண்டு நிமிஷம்!" மறுபடி படித்தார். மூன்றாம் தடவை படித்தபோது அவர் குரல் தழுதழுத்தது. "இருபது வருஷமா இதத்தான் நான் சொல்லினு வரேன். இன்னிக்குத்தான் ஒருத்தர் காதுல விழுந்துருக்கு."

முப்பத்தோரு ஆயர்களும் கைதட்டினார்கள். சத்தத்தில் ரத்தினம் விழித்துக்கொண்டு, விஷயம் தெரியாமலே, "எல்லாம் நம்ம ட்ரெயினிங்," என்றார்.

ஒருவர், "ரெண்டு நிமிஷம்னு எப்படி பாத்தீங்க சிஸ்டர், வாட்ச்லயா?" என்று அக்கறையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். இன்னொருவர், தன் அறிக்கையிலும் மௌனம் சேர்த்துக்கொள்ளலாமா, மார்க் கூடுமா என்று கேட்டார். டில்லிபாபு பெரிய மனதோடு எல்லோரையும் திருத்தி எழுத அனுமதித்தார். பத்து நிமிடத்தில் மண்டபமே மௌனத்தை எழுதித் தள்ளியது. ஆஸ்பத்திரி நோயாளி ஒருவரிடம் இருபது நிமிடம் மௌனம் காத்ததாக ஓர் ஆயர் எழுதினார். அந்த நோயாளி நடுவில் எழுந்து வீட்டுக்குப் போயிருப்பார்.

"சனிக்கிழமை பத்து மணிக்கு நிறைவு விழா," என்றார் டில்லிபாபு. "தலைமையிலருந்து பெரியவங்க வராங்க. அந்த மௌனத்த சிஸ்டர் மேடையில செஞ்சு காட்டுவாங்க."

வகுப்பு முடிந்ததும் ஜோதி அவரிடம் போனாள். மடிக்கணினியின் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயா, ஒரு விஷயம் சொல்லணும். நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்."

வயர் சுருட்டுவது நின்றது. டில்லிபாபுவின் கண் ஒரு நொடி அவள்மேல் ஓடி, சுவர்க் கடிகாரத்துக்குப் போனது.

"சிஸ்டருக்கு இன்னும் கல்யாணம் ஆகலல்ல?"

"இல்லைங்கய்யா, அது இல்ல. அந்தப் பதினோராவது வரியில..."

"புரியுது, புரியுது. நீங்க சொல்லவே வேணாம். சொல்றத மட்டும் கேக்கறது காது. சொல்லாததையும் கேக்கறதுதான் ஊழியம்." அவர் தலையைக் குனிந்தார். "ஜெபம் பண்ணிடலாமா?"

எந்தக் குழியிலிருந்து தூக்கிவிட வேண்டும் என்று அவரும் குறிப்பாகச் சொல்லவில்லை. ஆமென் என்றதும் ஜோதி, "தேங்க்ஸ் ஐயா," என்றாள். வாசலுக்கு வந்த பிறகுதான் கவனித்தாள், பை தோளில் இருந்தது. சொல்ல வந்தது சொல்லப்படாமலே அவளோடு வாசல் வரை வந்திருந்தது. அந்தப் பெண்ணும் இப்படித்தானே மாடிப்படியில் எழுந்து நின்றாள்? இதைத்தானே ஷிப்ட் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனாள்?

வெளியே ரத்தினம் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரிடமாவது சொல்லிவிடலாம் என்று, "ஐயா, அந்த மௌனம் பொய். நான் ஜெபம்தான் பண்ணேன்," என்றாள்.

"பொய்யா? நல்லதாப் போச்சி," என்றார் அவர். "நெசமாவே ரெண்டு நிமிஷம் அதும் மூஞ்சியப் பாத்துகினு சும்மா உக்காந்திருந்தா, அந்தப் பொண்ணு பயந்து போயி வாட்ச்மேனைக் கூப்ட்டிருக்கும். இன்னாம்மா நீ! சனிக்கிழமை மேடை ஏறு, வாய மூடினு குந்து, நாலு மணி நேரம் சேத்துப்பாங்க. இல்லன்னா மார்ச் மாசம் திரும்பவும் வந்து, இந்தாளு கேக்கறதப் பத்திப் பேசறத மொதல்லருந்து கேக்கணும். தாங்குவியா?"

கடைசிக் கேள்வி நியாயமானது. ஜோதி அன்றைய நாட்குறிப்பில் அதை எழுதி, கேள்விக்குறியை மட்டும் அடிக்கோடிட்டாள்.

வெள்ளி மதியம் ஹாஸ்டல் வாசலில் வார்டன் செந்தாமரை வழிமறித்தாள்.

"செல்வியப் பாக்கவா பாஸ்டரம்மா? அது ரூம காலி பண்ணுது. நாளைக்கு சாய்ங்காலம் ஊர் பஸ்ஸு. ஒரு வாரமா எங்க சோறு துன்னுது? தட்டுல போட்டா அத உத்துப் பாத்துகினே கீது."

இசக்கிசெல்வி படியில் வந்து உட்கார்ந்தாள். முகம் இன்னும் சுருங்கியிருந்தது. ஜோதி வாய் திறக்குமுன்பே துப்பட்டாவை இழுத்துத் தலையை மூடி, கைகளைக் கூப்பிக்கொண்டாள்.

"எதுக்கு இது?"

"ஜெபம் பண்ணத்தான வந்திருக்கீய?"

"இல்ல. எடுத்துடு. இன்னைக்கு ஜெபம் கெடையாது." ஜோதி பையைக் கழற்றி இரண்டு படி கீழே, கை எட்டாத இடத்தில் வைத்தாள். "அன்னைக்கு நீ சொல்ல வந்த. நான் நடுவுல பூந்துட்டேன். நீ சொல்லப்போறது வேற ஏதோன்னு நெனச்சி பயந்துட்டேன்."

"வேற என்னத்த?"

ஜோதியின் கண் மறுபடி அதே இடத்துக்குப் போய்விட்டது. இசக்கிசெல்வி தன் வயிற்றைக் குனிந்து பார்த்தாள், நிமிர்ந்தாள், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஏ அய்யா! அதுக்கெல்லாம் எங்கக்கா நேரம்? ஓ.டி.யோட சேத்து பன்னெண்டு மணி நேரம் ஷிப்டு!"

சிரிப்பு அடங்கியதும் சொல்ல ஆரம்பித்தாள். அவள் வேலை, கண்ணால் பார்ப்பது. பிரேக் பாகம் தட்டுத் தட்டாக வரும், தட்டுக்கு இருபத்து நாலு. ஒவ்வொன்றையும் விளக்கடியில் திருப்பிப் பார்த்து, கீறல் இல்லையென்றால் பச்சை மார்க்கரால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். தொடர்ந்து ஒன்பதாம் நாள் வேலையில் ஒரு தட்டு வந்ததும், அது போனதும் நினைவிருக்கிறது. நடுவில் ஒன்றும் இல்லை.

"கண்ணு அசந்துட்டேன் போல. முழிச்சிப் பாத்தா இருவத்தி நாலுலயும் புள்ளி இருக்கு. எங்கையிதான் வச்சிருக்கு. ஆனா பாத்த ஞாபகம் ஒண்ணுலயும் இல்ல."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"லைன் லீடர்ட்ட சொல்லப் போனேன். 'ஒரு தப்பு'ன்னு ஆரம்பிச்சதுமே, 'எதுனாலும் அடுத்த டேபிள்ல பாத்துருவாங்க, நீ பேசாம சோலியப் பாரு'ன்னுட்டாரு. அடுத்த டேபிள்ல நானும் நின்னுருக்கேங்க்கா. அங்கன நிக்கவ, முந்துன டேபிள்ல பாத்திருப்பாகன்னு நெனச்சிக்கிடுவா." துப்பட்டா நுனியை விரலில் சுற்றினாள். "இப்போ ரோட்டுல எந்த வண்டி போனாலும் சக்கரத்ததான் பாக்கேன். குடும்பத்தோட யாராச்சும் போனா நெஞ்சு அடிக்கி. அந்தத் தட்டு எந்த வண்டியில போயிருக்கும்?"

பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, எல்லாம் நல்ல பாகமாகத்தான் இருக்கும் என்று சொல்லலாம் என்று ஜோதிக்கு வாய் வரை வந்தது. ஆனால் அதுவும் பார்க்காமல் வைக்கிற புள்ளிதானே. தான் எழுதிக் கொடுத்த பதினோராம் வரியும், ரத்தினத்தின் கட்டைவிரலும் நினைவுக்கு வந்தன. அவள் கை ஒரு தடவை பையைத் தேடி, கிடைக்காமல் மடிக்கே திரும்பியது. மேல் மாடியில் யாரோ வாளியை நகர்த்தினார்கள். கொடியில் தொங்கிய நீலத் தொழிற்சாலைக் கோட்டுகளிலிருந்து தண்ணீர் சொட்டியது. இசக்கிசெல்வி அழுதாள். ஜோதி உட்கார்ந்திருந்தாள்.

வெகு நேரம் கழித்து, "எங்க சர்ச்சுக்கு எதுக்கு வந்த?" என்று கேட்டாள்.

"அங்கன எல்லாரும் முட்டி போட்டு, தப்பு செஞ்சோம், தப்பு செஞ்சோம்னு ஒண்ணா சொல்லுவீயல்லா? எனக்கு அந்த வார்த்த தெரியாது. ஆனா சொல்லுதவங்க பக்கத்துல இருந்தா கொஞ்சம் தேவல போல இருந்துச்சு."

பாவ அறிக்கையை ஞாயிறுதோறும் நாற்பது நொடியில் ஓட்டி முடிக்கும் உதவி ஆயர், அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"தட்டு நம்பர் எதாவது இருக்கா?"

இசக்கிசெல்வி செல்போனின் பின்னுறையைக் கழற்றினாள். நாலாக மடித்த ஒரு துண்டுச்சீட்டு. தேதி, ஷிப்ட், தட்டு எண், மூன்றும் இருந்தன. "இருக்குக்கா. யாரும் கேக்கல."

தரப் பிரிவு மேலாளர் நாளை பத்து மணிக்கு வருவார் என்றாள். சொன்னால் அந்தத் தட்டு எங்கே போயிற்று என்று எண்ணை வைத்துத் தேட முடியும். ஆனால் வேலையை விட்டுப் போகிறவள் வம்பு பண்ணுகிறாள் என்று கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டால்?

"நான் கூட வரேன்," என்றாள் ஜோதி.

"நீங்க வந்து என்னத்த சொல்லுவீய?"

"ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீதான் சொல்லணும். நான் பக்கத்துல நிப்பேன்."

"சும்மா நிக்கதுக்கா அம்புட்டுத் தூரம் வருவீய?"

"அதுக்குத்தான் எங்களுக்கு நாப்பது மணி நேரம் பாடம் எடுத்திருக்காங்க."

செந்தாமரை இரண்டு டம்ளரில் டீ கொண்டுவந்தாள். ஜெபச் சத்தம் கேட்காததால், எப்போது கொண்டுவருவது என்று தெரியாமல் இவ்வளவு நேரம் அடுப்படியிலேயே நின்றிருந்தாளாம். டீ ஆறிப்போயிருந்தது. இசக்கிசெல்வி அதைக் குடித்துவிட்டு, பன் இருக்கிறதா என்று கேட்டாள்.

திரும்பும் வழியில் ஜோதி ரத்தினத்துக்குப் போன் செய்தாள். விஷயத்தைச் சொன்னதும் மறுமுனையில் அவர் ஸ்கூட்டரை ஓரங்கட்டுகிற சத்தம் கேட்டது.

"பத்து மணிக்கா? அப்போ மேடையில மௌனத்த யாரும்மா செஞ்சு காட்டுறது?"

"காலி நாற்காலி ஒண்ணு போட்டு வைங்க ஐயா. நான் வந்தாலும் அப்படித்தானே இருந்திருக்கும்."

"ஹவர்ஸ் போய்டும், பாத்துக்கோ."

"மார்ச்ல வரேங்கய்யா."

ரத்தினம் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அது மேய்ப்புப் பராமரிப்பா, சிக்னல் போய்விட்டதா என்று தெரியவில்லை. பிறகு, "அந்தப் பொண்ணு ஞாயித்துக்கெழம வருமா?" என்றார். "ஊருக்குப் போகாம இருந்தா வரும்" என்றாள் ஜோதி.

நவம்பர் 14, வெள்ளி.

இசக்கிசெல்வியை மறுபடி சந்தித்தேன். மௌனம் இருந்தது. எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை. செவ்வாய்க்கிழமைப் பிழையை 'சிறு' என்று எழுதியது தவறு. அந்தச் சொல்லை அடித்துவிட்டேன்.

நாளை: காலை ஒன்பது மணி, வடக்குப்பட்டு ஹாஸ்டல். இசக்கிசெல்வியோடு தொழிற்சாலை இரண்டாம் கேட், தரப் பிரிவு, பத்து மணி. துண்டுச்சீட்டை அவள் எடுத்துக்கொண்டாளா என்று பார்க்க வேண்டும். பதினோராம் வரியைத் திருத்தி, அறிக்கையை மாலைக்குள் டில்லிபாபு ஐயாவுக்கு அனுப்ப வேண்டும்.